உழுதவர் வீட்டுப் பிள்ளைகள்

(லாலாகுடாவில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘நாம் வாழும் மண்’ என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். இம்மண்ணைப் பற்றிப் பேசுவோர் கோல்கொண்டாக் கோட்டையையும், சார்மினாரையும், சாலார் ஜங் காட்சிசாலையையும் பேசுவது வழக்கம். அவை கண்டு மகிழத்தக்கவையே. ஆயினும் அவற்றை நம் குழந்தைகள் பள்ளிச் சுற்றுலாவிலேயே கண்டுவிடுகின்றனர். நாம் இன்று எடுத்துக்கொண்டது மன்னர் கதை அன்று, உழவர் கதை. சில ஏக்கர் நிலத்தையும் அதில் விளைந்த நெல்லையும் காப்பதற்காக இப்பக்கத்து உழவர் குடிகள் தம் பிள்ளைகளைக் கொடுத்த கதை. 1946 முதல் 1951 வரை நடந்த அப்போராட்டத்தைத் தெலங்காணா ஆயுதப் போராட்டம் என்று வரலாற்று நூல்கள் கூறும். ஊர்கள் இரண்டுபட்டு, ஒரே மண்ணில் பிறந்தவர் ஒருவர்மீது ஒருவர் கருவி எடுத்தமையால், அதனை உள்நாட்டுப் போர் என்று சொன்னாலும் பொருந்தும்.

அந்த ஊர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. காஜிப்பேட்டை வழியாகத் தமிழகம் செல்லும் வண்டியில் ஏறினால் மௌலாலி, கட்கேசர், போங்கீர், ஆலேர் ஆகிய நிலையங்களைக் கடந்து ஜனகாம் வருகிறது. வண்டி அங்கு நிற்கும்போது நம்மவர் தேநீர் வாங்குவர். குழந்தைக்குத் தண்ணீர் பிடிப்பர். அந்த நிலையத்திற்குத் தெற்கே பரந்து கிடக்கும் வறண்ட மேட்டு நிலத்தில்தான் கடவெண்டி, பாலகுர்த்தி, விஸ்னூர் என்னும் ஊர்கள் உள்ளன. பாலகுர்த்தி நமக்குப் பழைய உறவும் உடையது. பசவ புராணத்தைத் தெலுங்கில் பாடிய பால்குரிகி சோமநாதர் அவ்வூரினர் என்பர். நம் கண்ணப்பர் கதையையும் சிறுத்தொண்டர் கதையையும் தெலுங்கு மக்களுக்குக் கூறியவர் அவர்.

வெட்டி என்னும் கொடுமை

நிஜாமின் ஐதராபாத் அரசு ஏறத்தாழ 82,000 சதுர மைல் பரப்பும், 1941-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1 கோடியே 60 லட்சத்திற்கு மேற்பட்ட மக்களும் உடையது. அதன் நிலத்தில் ஒரு பகுதி நிஜாமின் சொந்தச் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதி ஜாகிர்தார்களுக்கு உரியது. எஞ்சிய பெரும்பகுதியில் அரசு நேரே வரி வாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலாம் சாலார் ஜங் வரி வாங்கும் முறையைத் திருத்தும்வரை, அவ்வேலையைச் செய்து வந்தவர் தேஷ்முக்குகள். வேலை போனாலும் நிலக்கணக்கு அவர்கள் கையில் இருந்தது. எழுத்தறியாத குடியானவரின் நிலங்கள் பலவும் அவர்கள் பெயரில் பதிவாயின. விஸ்னூர் தேஷ்முக்கான ராபாக ராமச்சந்திர ரெட்டிக்கு 40,000 ஏக்கர் நிலம் இருந்தது என்றும், 60 ஊர்களில் அவர் ஆணை செல்லுபடியாயிற்று என்றும் அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான பு. சுந்தரய்யா தம் நூலில் எழுதியுள்ளார்.

அந்த ஆணைக்குப் பெயர் ‘வெட்டி’. இச்சொல்லை நாம் தெலுங்கரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை. கூலியற்ற வேலையை நாமும் வெட்டி வேலை என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இச்சொல் உண்டு. சலவைத் தொழிலாளர் தேஷ்முக்கின் மாளிகைத் துணிகளைக் கூலியின்றி வெளுக்க வேண்டும். குயவர் சட்டி பானை கொடுக்க வேண்டும். ஆடு மேய்ப்போர் விருந்துக்கு ஆடு கொடுக்க வேண்டும். உழவர் தம் நிலத்தை ஈரம் காயவிட்டு, அவர் நிலத்தை முதலில் உழ வேண்டும். ஏரியில் நீர் குறைந்த காலத்தில் அவர் வயல் நிறைந்த பின்னரே மற்றவர்க்கு மடை திறக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு விதித்த லெவி நெல்லும் சிறு உழவர் களத்திலிருந்தே அள்ளப்பட்டது. ‘அடிமை நான், தொரா, உன் காலைத் தொழுகிறேன்’ என்னும் பொருள்படப் பேசுவதே ஏழைகளின் நாள்தோறும் வழங்கிய மொழியாயிற்று. நம் ‘துரை’யே அவர்களுடைய ‘தொர’ என்பதை நினைவிற் கொள்க.

நீதிமன்றம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. காமாரெட்டிகூடெம் என்னும் ஊரைச் சேர்ந்த ஷேக் பந்தகி என்ற முஸ்லிம் உழவர் அந்த வழியில்தான் சென்றார். தம் நிலத்துக்காக விஸ்னூர் தேஷ்முக்கை எதிர்த்து வழக்காடினார். 1941-இல் அவர் கொலை செய்யப்பட்டார். அவர் கல்லறையை இந்து உழவரும் முஸ்லிம் உழவரும் ஒருங்கே போற்றினர். அவர் கதையைக் கருவாகக் கொண்டு எழுந்த ‘மா பூமி’ என்னும் தெலுங்கு நாடகம் 1947-இல் ஊர் ஊராக நடிக்கப்பட்டது. வழக்கு மன்றத்தின் வாயில் அடைபட்டதைக் கண்ட பின்னரே மக்கள் வேறு வாயிலைத் தேடினர் என்பதை மறத்தலாகாது.

பாலகுர்த்தி ஐலம்மா

அந்த வாயிலின் பெயர் ‘சங்கம்’. ஆம், நாம் நம் அமைப்புக்கு இட்டிருக்கும் அதே பெயர். ஆந்திர மகாசபை 1944-இல் போங்கீரில் கூடியபோது உறுப்பினர் கட்டணம் குறைக்கப்பட்டது. ரவி நாராயண ரெட்டி தலைவரானார். அக்கட்டணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய ஏழை எளியோர் ஊர்தோறும் சங்கம் அமைத்தனர்.

பாலகுர்த்திச் சங்கத்தில் சேர்ந்தவருள் ஒருவர் சித்யால ஐலம்மா. சலவைத் தொழில் செய்யும் குடியினர் ஆதலின் ஊரார் அவரைச் சாகலி ஐலம்மா என்றனர். அவரும் கணவர் நரசிம்மாவும் மக்களும் மல்லம்பள்ளி நிலக்கிழாரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதில் நான்கு ஏக்கரைத் திருத்திப் பயிரிட்டனர். வெளுத்துப் பிழைக்கும் குடி உழுது பிழைப்பதையும், அதற்கு மேலாகச் சங்கத்தில் சேர்வதையும் தேஷ்முக் பொறுக்கவில்லை. வெட்டிக்கு வா என்றார்; ஐலம்மா மறுத்தார். குடும்பத்தார்மீதும் சங்கத்தார்மீதும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. இறுதியில் விளைந்து நின்ற நெல்லையே அறுத்துச் செல்ல ஆட்கள் ஏவப்பட்டனர்.

அன்று நிகழ்ந்ததைச் சுந்தரய்யா விரிவாக எழுதியுள்ளார். நூற்றுக்கணக்கான அடியாட்களும் அறுவடைக் கூலிகளும் வயலில் வந்து நின்றனர். பீமிரெட்டி நரசிம்ம ரெட்டி முதலியோர் தலைமையில் சங்கத் தொண்டர் முப்பதின்மருக்கும் குறைந்தவரே. அவர்கள் கையில் தடி மட்டும் இருந்தது. அவர்கள் முழக்கமிட்டு வயலுக்குள் புகுந்தவுடன் அடியாட்கள் ஓடினர். தொண்டர்கள் நெல்லை அறுத்துக் கட்டி ஐலம்மாவின் வீட்டில் சேர்த்தனர். அதன்பின் தலைவர்கள் கைதாகி, விஸ்னூரில் சொல்லத்தகாத சித்திரவதைக்கு உள்ளாயினர். ஆயினும் அந்த நெல்லும் நிலமும் ஐலம்மாவை விட்டுப் போகவில்லை.

அதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை பெரிது. கணவரும் மக்களும் வழக்கிலும் சிறையிலும் அடியிலும் உழன்றனர். வீடு கொளுத்தப்பட்டது. எல்லாம் கடந்து நின்ற அவ்வம்மையார் 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் மறைந்தார். இன்று ஐதராபாத் கோட்டியில் உள்ள மகளிர் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2024-இல் அப்பெயர் சூட்டப்பட்டது. நம் பெண்மக்களுள் சிலர் அங்கே பயில்வர், அல்லது இனிப் பயில்வர். பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயர் யாருடையது என்று அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கடவெண்டியின் உடன்பிறந்தார்

பாலகுர்த்தியில் உயிர் தப்பிய போராட்டம் கடவெண்டியில் உயிரைக் கேட்டது. கடவெண்டியில் தேஷ்முக்கின் தாயார் ஜானம்மா ஆட்சி செலுத்தி வந்தார். 1946-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், சங்கத்தார் ஆயிரவர்க்கு மேல் தடியும் கவணும் ஏந்தி ஊர்வலம் வந்தனர். மாளிகையின் அருகில் வந்தபொழுது உள்ளிருந்து துப்பாக்கிகள் வெடித்தன.

முன்னணியில் வந்த தொட்டி கொமரய்யா வயிற்றில் குண்டு பாய்ந்து அங்கேயே வீழ்ந்து மாண்டார். ஆடு வளர்க்கும் குருமர் குடியில் பிறந்த அவருக்கு அப்பொழுது அகவை பத்தொன்பது. அவருடைய தமையன் மல்லய்யா காலில் குண்டு பட்டு வீழ்ந்தார். மங்கலி கொண்டய்யாவுக்கு நெற்றியில் காயம். அவருடைய உடன்பிறந்த நரசய்யாவுக்கு முழங்கையில் காயம். இந்த நால்வர் பட்டியலைச் சற்று நின்று நோக்குக. நால்வரும் இரண்டே வீட்டுப் பிள்ளைகள். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்றமையால், ஒரே நாளில் ஒரே வீட்டு வாயிலில் ஒரு பிணமும் ஒரு நொண்டியும் வந்து சேர்ந்தனர். படையில் சேர்ந்து பல ஊர்களிலிருந்து வந்து போரிடுவோர்க்கு நேராத துயரம் இது. தன் ஊரிலேயே போர் நடந்தால் இழப்பு ஊரெங்கும் பரவி விழுவதில்லை. சில வீடுகளின்மீதே குவிந்து விழும்.

கொமரய்யாவின் மரணச் செய்தி பரவியதும் சில வாரங்களுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் எழுந்தன என்பர். அதுவரை தடியேந்திய கைகள் துப்பாக்கியைத் தேடத் தொடங்கியது அதற்குப் பின்னரே.

மூவகைப் படை, ஒரே வயல்

பின்வந்த ஐந்தாண்டுகளில் உழவர் வயலின்மேல் மூன்று படைகள் நடந்தன. முதலில் தேஷ்முக்கின் அடியாட்களும் நிஜாமின் போலீசாரும். அடுத்துக் காசிம் ரஸ்வியின் தலைமையிலான ரஜாக்கர்கள். 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் பைரான்பள்ளியில் அவர்களும் நிஜாமின் படையினரும் புகுந்தனர். ஊர்க் கொத்தளத்தின்மீது நின்று முன்னர்ப் பன்முறை ஊரைக் காத்த உழவர்களை அன்று வென்று, எண்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அந்தக் கொத்தளம் இன்றும் நிற்கிறது.

1948 செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தியப் படை உட்புகுந்தது. 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். ரஜாக்கர் கொடுமை ஒழிந்தது. அந்நாட்களில் குற்றமற்ற முஸ்லிம் குடும்பங்கள் பட்ட துயரையும் நாம் மறைத்துப் பேசுதல் அறமன்று. நேருவின் அரசு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, இருபத்தேழாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர்வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டத்தினர். அங்கும் பிள்ளைகளை இழந்த தாய்மார் இருந்தனர். பந்தகியின் கல்லறைமுன் ஒன்றாக நின்ற இரு சமயத்தாரும் ஏழு ஆண்டுகளுக்குள் இவ்வாறு பிரிக்கப்பட்டது உள்நாட்டுப் போரின் இயல்பு.

பின்னர் இந்தியப் படையே மூன்றாவதாக வந்தது. நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட உழவர்க்கும் அதற்கும் இடையே மூன்று ஆண்டுகள் மோதல் நீடித்தது. கருவியைக் கீழே வைப்பதா, வேண்டாவா என்று தலைவர்களே இருவேறு கருத்துக் கொண்டனர். அவர்கள் வாதிட்ட காலத்தில் மாண்டவர் உழவர் வீட்டு இளைஞர்கள். தர்மபுரத்து லம்பாடிக் குடியில் பிறந்து, விஸ்னூர் தேஷ்முக்கை எதிர்த்து நின்ற ஜாடோத் தானு நாயக் 1950-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1951 அக்டோபரில் போராட்டம் நிறுத்தப்பட்டது.

மொத்தக் கணக்கைச் சுந்தரய்யா தருகிறார்: மாண்டவர் 4,000 பேர்; மூன்று நான்கு ஆண்டுகள் சிறையிலும் முகாமிலும் அடைபட்டோர் 10,000 பேர்; பங்கிடப்பட்ட நிலம் 10 லட்சம் ஏக்கர்; எழுந்த ஊர்கள் 3,000.

நாம் கணக்கெழுதிப் பிழைப்போர். ஆதலின் கணக்கில் ஏறாததையும் சொல்ல வேண்டும். அந்நாளைய தெலங்காணா உழவுக்கு உயிர் கிணறு. கவலை இறைக்க இரண்டு எருதுகளும் அவற்றை ஓட்ட ஓர் ஆளும் வேண்டும். வயலில் மடை திருப்ப மற்றோர் ஆள் வேண்டும். ஒரு மகன் மாண்டு, மற்றொரு மகன் சிறைபுகின் கிணற்றில் நீர் இருந்தும் பயிர் காயும். பயிர் காய்ந்தால் எருது விலைபோகும். எருது போனால் அடுத்த ஆண்டு உழவு இல்லை. ஆகவே ஓர் உழவர் வீட்டில் ஒரு பிள்ளையின் மரணம் ஒரு மரணத்தோடு முடிவதில்லை. வள்ளுவர் பெருமான் ‘குடிசெயல்வகை’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘உழவு’ என்னும் அதிகாரம் நிற்பது பொருத்தமே என்று எண்ணத் தோன்றுகிறது. குடி வாழ்ந்தால் உழவு வாழும். பிள்ளைகள் போனால் இரண்டும் போகும்.

என்ன பெற்றனர்?

இத்தனை இழப்புக்கும் பயன் யாது? 1949-இல் ஜாகிர் முறை ஒழிந்தது. 1950-இல் குத்தகைதாரரைக் காக்கும் சட்டம் வந்தது. 1951 ஏப்ரல் 18-ஆம் நாள் போச்சம்பள்ளியில் வினோபா பாவே அவர்கள் ஏழைகளுக்கு நிலம் கேட்டபொழுது, வெதிரெ ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் கொடுத்தார்; பூதான இயக்கம் அங்கே பிறந்தது. 1952 பொதுத் தேர்தலில் நல்கொண்டாவில் நின்ற ரவி நாராயண ரெட்டி, நேரு பெற்றதினும் மிகுதியான வாக்குகள் பெற்று வென்றார். எல்லா நிலமும் உழுதவர் கையில் தங்கியது என்று சொல்ல இயலாது. பங்கிடப்பட்டதிற் பெரும்பகுதி மீண்டும் பறிபோயிற்று. ஆயினும் வெட்டி மீண்டு வரவில்லை. காலைத் தொழுது பேசிய மொழி மெல்ல மெல்ல மறைந்தது.

இது தெலுங்கர் கதை, நமக்கு என்ன என்று எவரும் எண்ண வேண்டா. நம் தஞ்சைத் தரணியிலும் பண்ணையாள் அடிபட்டான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசையில் தீக்கிரையாயினர். கடல் கடந்த ஈழத்தில் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் வன்னி உழவர் வீடுகள் பிள்ளைகளை இழந்தன. காணாமற்போன மக்களைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தெருவோரப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் ஒருத்தி உண்டு. தன்னைச் சார்ந்த ஆடவரைப் போரில் இழந்தபின்னும் ஒரே மகனை வேல் கொடுத்து அனுப்பியவள். அவளைப் பள்ளியில் போற்றக் கற்றோம். அவள் மகன் சென்றது வேந்தன் போருக்கு. ஐலம்மாவின் மக்களும் கடவெண்டியின் உடன்பிறந்தாரும் நின்றது தம் வீட்டு நெல்லுக்கு. அந்தத் தாயர்க்கு மகனை அனுப்புவதா, நிறுத்துவதா என்று எண்ணிப் பார்க்க ஒரு நாளேனும் கிடைத்ததா என்பது ஐயமே. வாயிலுக்கு வந்த போரை எவ்வாறு தடுப்பது? ஆதலின் வீரத்தைப் போற்றுவதோடு நின்றுவிடாமல், அத்தகைய வீரம் தேவைப்படாத நிலையை உண்டாக்குவதே மிக்க அறமாகும்.

நாம் செய்யத்தக்கவை

லாலாகுடாத் தொழிற்சாலை 1893-இல் தோன்றியது. அன்று முதல் இருப்புப்பாதை வேலையை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்துள்ளன. ஜனகாம், நல்கொண்டா, வரங்கல் பக்கத்து உழவர் மக்களும் அதே வேலைக்கு வந்து நம்மோடு தோள் இணைந்தனர். அவர்கள் வீட்டுக் கதையை அறிதல் நம் கடமை. அதற்கு மூன்று செயல்களைச் சங்கத்தார்முன் வைக்கிறோம்.

முதலாவது: யாதகிரிகுட்டாவிற்குச் செல்லும் நம் குடும்பங்கள் அடுத்த முறை இன்னும் சற்றுத் தொலைவு சென்று பாலகுர்த்திச் சோமேசுவரரையும் வணங்கி, கடவெண்டியில் கொமரய்யாவின் நினைவுத் தூணையும் கண்டு வருக. சங்கமே ஒரு பேருந்து அமர்த்தலாம். உடன் பணியாற்றும் தெலுங்கு நண்பர் ஒருவரையும் அழைத்துச் சென்றால் கதை சொல்ல ஆள் தேட வேண்டா.

இரண்டாவது: நம்மில் பலருக்கு ஊரில் நான்கு மா, ஐந்து மா நிலம் உண்டு, குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே இருக்கிறோம். மழை பொய்த்த ஆண்டில் குத்தகை நெல்லைக் கேட்டுக் கடிதம் எழுதுமுன், ஐலம்மாவின் நான்கு ஏக்கரை ஒரு முறை நினைப்போம். வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்வோம்.

மூன்றாவது தாய்மார்களுக்கும் உரியது, நமக்கும் உரியது. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வரும் பெண்கள் பலர் இதே மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பேசிய வேலைக்குப் பேசிய கூலி தருகிறோம், மறுப்பதற்கில்லை. பண்டிகைக்கு முந்திய நாள் வீடு கழுவச் சொல்கிறோம். விருந்தினர் வந்தால் இரட்டிப்புப் பாத்திரம் போடுகிறோம். அதற்கும் கூலி தருகிறோமா? தராவிடில் அதற்கு ஒரு பெயர் தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. இரண்டும் ஒரே பெயர். அந்தச் சொல்லை ஒழிக்கத்தான் கடவெண்டியில் ஒரு பிள்ளை மாண்டான். இவ்வாண்டு விழாவின் நினைவாக, கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி என்னும் ஒரு தீர்மானத்தை நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீடும் ஏற்குமாயின், அதுவே இச்சங்கம் இந்த மண்ணுக்குச் செலுத்தும் நன்றியாகும்.